டெக்னீஷியன் என்றால் யார்? ஒரு சொல்லும் அதற்கான தமிழும்

‘டெக்னீஷியன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான பொருள் என்ன, தமிழில் நிபுணர், வல்லுநர், தொழில்நுட்ப வல்லுநர் என்று எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொழிபெயர்க்க வேண்டிய மூன்று இடங்களையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒன்று, ஆய்வகத்தில் எட்டு ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்த ஒருவரின் அனுபவச் சான்றிதழ். அடுத்தது, ஒரு திரைப்படத்தில் பணியாற்றிய டெக்னீஷியன்களுக்கு நன்றி சொல்லும் வரி. மற்றது, ஒரு வயலின் கலைஞரைப் பற்றிய விமர்சனத்தில் ‘அவர் அபாரமான டெக்னீஷியன்’ என்று வரும் வாக்கியம்.

எதை வேண்டுமானாலும் போட முடியாது. மூன்று இடத்துக்கும் ஒரே சொல்லும் பொருந்தாது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். பல ஆண்டுகள் மருத்துவ ஆய்வகத்தில் இந்தப் பெயரோடு வேலை பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்புக்கு வந்தேன். அதனால் இந்தச் சொல்லின் மீது எனக்குத் தனி அக்கறை உண்டு.

முதலில் சொல்லின் அமைப்பைப் பார்ப்போம். மியூசிக் தெரிந்தவர் மியூசிஷியன், மேஜிக் செய்பவர் மேஜிஷியன், மின்சார வேலை பார்ப்பவர் எலெக்ட்ரிஷியன். இந்த வரிசையில் ‘டெக்னிக்’ கைவந்தவர் டெக்னீஷியன். ஒரு துறையின் பெயரோடு இந்த விகுதி சேர்ந்தால் அந்தத் துறையைத் தொழிலாகக் கொண்டவர் என்று பொருள். மருத்துவரைக் குறிக்கும் ஃபிசிஷியனும் இப்படிப் பிறந்ததுதான். உச்சரிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். தமிழில் ‘னீ’ என்று நெடிலாக எழுதினாலும் ஆங்கிலத்தில் அது குறில்தான். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி நான்கெழுத்து ‘சி, ஐ, ஏ, என்’ என்று வரும். அதில் ‘ஐ’ என்ற எழுத்தை விட்டுவிடுவது பலருக்கும் நேரும் பிழை.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் 1833 முதல் பதிவாகியிருக்கிறது. அப்போது அதற்கு இருந்த பொருள் பலருக்கு வியப்பாக இருக்கும். இயந்திரத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஒரு விவகாரத்தின் நெளிவுசுளிவுகளை, விதிகளின் நுணுக்கங்களைக் கரைத்துக் குடித்தவர் என்பதுதான் அன்றைய பொருள். கருவிகளைக் கையாளும் தேர்ச்சியாளர், ஆய்வகப் பணியாளர் என்ற பொருள்கள் இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றின. பழைய பொருளின் மிச்சம் இன்றும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு வழக்கு ‘டெக்னிக்கல்’ காரணத்தால் தள்ளுபடியானது என்று ஆங்கிலச் செய்தியில் வந்தால், நீதிமன்றத்தில் கணினி பழுதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. மனுவைக் காலம் கடந்து தாக்கல் செய்தது போன்ற ஒரு விதிமுறைக் குறை அது. இதைத் ‘தொழில்நுட்பக் காரணங்களால் வழக்கு தள்ளுபடி’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘சட்ட நுணுக்கத்தின் பேரில்’ என்றோ ‘நடைமுறைக் குறையால்’ என்றோ எழுதினால் தெளிவாகிவிடும். குத்துச்சண்டையில் வரும் டெக்னிக்கல் நாக்அவுட்டும் இதே இனம். அடிபட்டவர் மயங்கி விழவில்லை, இனி ஆட முடியாது என்று நடுவர் முடிவு செய்து ஆட்டத்தை நிறுத்துகிறார். விதிப்படி அது நாக்அவுட்டாகக் கணக்கில் சேர்கிறது.

இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்தின் ‘டெக்னே’ வருகிறது. கலை, தொழில், கைத்திறன் மூன்றையும் ஒன்றாகப் பார்த்த சொல் அது. சிற்பியின் வேலையும் டெக்னே, மருத்துவரின் வேலையும் டெக்னே, கப்பலோட்டியின் வேலையும் டெக்னே. தச்சரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘டெக்டோன்’, வடமொழியின் ‘தக்ஷன்’ இரண்டும் இதே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். நம் ‘தச்சன்’ என்ற சொல்லை இந்தத் தக்ஷனோடு இணைப்பவர்களும் உண்டு, ‘தைத்தல்’ என்ற தமிழ் வினையிலிருந்து வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை.

நம் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. பிளேட்டோவின் கோர்கியாஸ் உரையாடலில் சாக்ரடீஸ் டெக்னேவை ‘எம்பெய்ரியா’ என்பதிலிருந்து பிரிக்கிறார். எம்பெய்ரியாவுக்கு நம்மிடம் அச்சொட்டான சொல் இருக்கிறது: கைப்பழக்கம். திரும்பத் திரும்பச் செய்து கை பழகியவருக்கு வேலை வரும், ஆனால் அது ஏன் அப்படி வருகிறது என்று கேட்டால் விளக்க வராது. டெக்னே உடையவருக்கு விளக்க வரும். தான் செய்வதற்குக் காரணம் சொல்ல முடிந்தால்தான் அது டெக்னே என்கிறார் சாக்ரடீஸ். அரிஸ்டாட்டிலும் மெட்டாபிசிக்ஸின் தொடக்கத்தில் இதையே சொல்கிறார். அனுபவசாலிக்கு ‘இது இப்படி’ என்று தெரியும், டெக்னே உள்ளவருக்கு ‘ஏன் இப்படி’ என்று தெரியும். அவர் இன்னொரு படியும் போகிறார். தலைமைக் கைவினைஞர்கள் காரணம் அறிந்தவர்கள், அதனால் மதிப்புக்குரியவர்கள். கையால் வேலை செய்பவர்களோ நெருப்பு சுடுவதைப் போல, தாம் செய்வது இன்னதென்று அறியாமல் பழக்கத்தால் செய்கிறார்கள் என்கிறார்.

டெக்னீஷியன் என்ற சொல்லுக்கு நேர்ந்தது இந்தப் பிரிவின் வழியாகத்தான் புரியும். பிறவியில் அது ‘ஏன்’ என்று அறிந்தவரின் சொல். இன்றைய ஆங்கிலத்தில் பல இடங்களில் அது ‘எப்படி’ மட்டும் அறிந்தவரின் சொல்லாகச் சரிந்துவிட்டது. ஒருவரைப் பாராட்டி ‘எ மாஸ்டர் டெக்னீஷியன்’ என்றும் எழுதுகிறார்கள், இன்னொருவரைக் குறைத்து ‘ஜஸ்ட் எ டெக்னீஷியன்’ என்றும் எழுதுகிறார்கள். சொல் ஒன்றுதான், சொல்பவரின் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் மொழிபெயர்க்கக் கூடாது.

வேலை உலகில் இந்தச் சொல்லுக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். அது உங்கள் சான்றிதழுக்கு உதவும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு தொழில் வகைப்பாட்டில் பத்துப் பெரும் பிரிவுகள் இருக்கின்றன. மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் போன்றவர்கள் இரண்டாம் பிரிவு. டெக்னீஷியன்களும் அவர்களையொத்த துணைநிலை வல்லுநர்களும் மூன்றாம் பிரிவு. கைவினைஞர்களும் அது சார்ந்த தொழிலாளர்களும் ஏழாம் பிரிவு. ஆய்வக டெக்னீஷியன் மூன்றில் வருகிறார். வீட்டுக்கு வயரிங் செய்யும் எலெக்ட்ரிஷியன் ஏழில் வருகிறார். மின் பொறியியல் டெக்னீஷியன் என்று ஒருவர் இருக்கிறார், அவர் மூன்றில். பெயர்கள் நெருங்கியிருந்தாலும் இடங்கள் வேறு.

பொறியியல் கல்வியில் இதைவிட நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நாட்டுப் படிப்பை மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்வதற்கான மூன்று உடன்படிக்கைகள் உண்டு. பொறியாளர் படிப்புக்கு 1989-இல் வாஷிங்டன் உடன்படிக்கை, டெக்னாலஜிஸ்ட் படிப்புக்கு 2001-இல் சிட்னி உடன்படிக்கை, டெக்னீஷியன் படிப்புக்கு 2002-இல் டப்ளின் உடன்படிக்கை. மூவரையும் வேறுபடுத்த அவர்கள் எடுத்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும். எந்த வகையான சிக்கலைத் தீர்க்கிறார் என்று பார்க்கிறார்கள். பொறியாளர் எதிர்கொள்வது முன்பின் விடை தெரியாத சிக்கல். டெக்னாலஜிஸ்ட் எதிர்கொள்வது பரந்த வரையறைக்குள் அடங்கும் சிக்கல். டெக்னீஷியன் எதிர்கொள்வது தெளிவாக வரையறுக்கப்பட்ட சிக்கல். கையா மூளையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஆனால் நடைமுறையில் ‘தெளிவாக வரையறுக்கப்பட்ட சிக்கல்’ என்பது காகிதத்தில் தெரிகிற அளவு தெளிவாக வருவதில்லை. எனக்குத் தெரிந்த வேலையிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன்.

ரத்தப் பரிசோதனையில் ‘ஸ்மியர்’ எடுப்பது என்று ஒன்று உண்டு. கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சிறு துளி ரத்தத்தை வைக்கிறோம். இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்துத் துளியைத் தொடும்வரை பின்னால் இழுக்கிறோம். துளி அந்த விளிம்பு முழுக்க ஓடிப் பரவும். பரவி முடிந்த கணத்தில் ஒரே வீச்சாக முன்னால் தள்ள வேண்டும். சரியாக வந்தால் நாக்கு வடிவத்தில் ஒரு மெல்லிய படலம் கிடைக்கும். அதன் நுனி பறவை இறகைப் போல மங்கி முடியும். அந்த இறகு நுனிக்குச் சற்று முன்னால்தான் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகப் படிந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய இடம் அது.

இதைக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும், வர மாதங்கள் ஆகும். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் நீர்த்திருக்கும், படலம் மிக மெல்லியதாகப் போய்விடும். அதற்குச் சாய்வைக் கூட்டி வேகமாகத் தள்ள வேண்டும். கெட்டியான ரத்தமாக இருந்தால் சாய்வைக் குறைத்து நிதானமாகத் தள்ள வேண்டும். கை தயங்கினால் வெள்ளை அணுக்கள் நுனிக்கு இழுபட்டுப் போய் எண்ணிக்கை பிழையாகும். படலத்தில் ஓட்டைகள் விழுந்தால் ஸ்லைடில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கலாம், ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள அடுத்த ஸ்லைடைத் துடைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது இயந்திரம் ஒரு நோயாளிக்குத் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை 40,000 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தால் அபாயம். டெக்னீஷியன் அதை அப்படியே அனுப்பாமல் ஸ்மியர் போட்டு, அந்த இறகு நுனியைப் போய்ப் பார்க்கிறார். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்த்திருக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சிலரது ரத்தத்தில் தட்டணுக்களை இப்படி ஒட்ட வைத்துவிடும். ஒரு கொத்தில் இருபது இருந்தாலும் இயந்திரத்தால் அதை இருபதாக எண்ண முடியாது. டெக்னீஷியன் இ.டி.டி.ஏ.வுக்குப் பதிலாக சிட்ரேட் சேர்த்த குழாயில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார். அந்தக் குழாயில் திரவம் இருப்பதால் ரத்தம் சற்று நீர்த்துப்போகும், ஆகவே வரும் எண்ணிக்கையை 1.1-ஆல் பெருக்குகிறார். பல நேரங்களில் எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். நோயாளிக்குத் தேவையற்ற தட்டணு ஏற்றமோ, வேறு ஆழமான பரிசோதனைகளோ நடக்காமல் நின்றுபோகும்.

இதைச் செய்தவருக்கு ‘எப்படி’ மட்டும் தெரிந்திருந்தால் 40,000 என்ற எண் அப்படியே அறிக்கையில் போயிருக்கும். ‘ஏன்’ தெரிந்ததால்தான் நின்றார். கைப்பழக்கத்தையும் காரண அறிவையும் பிளேட்டோ பிரித்த கோடு ஆய்வக மேசையில் இப்படி அழிந்துபோகிறது. கை பழகியதால்தான் கண்ணுக்கு அந்த நுனி தெரிந்தது, அந்த நுனி தெரிந்ததால்தான் ‘ஏன்’ என்ற கேள்வியே எழுந்தது.

இந்தச் சொல்லின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஒரு மனிதர் விவியன் தாமஸ். அமெரிக்காவில் 1910-இல் பிறந்த கறுப்பினத்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்த பணம் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வங்கி திவாலானதில் போய்விட்டது. 1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளப் பட்டியலில் இருந்தது துப்புரவுப் பணியாளர் என்று. 1941-இல் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போனார்கள். இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரிக்கும் குழந்தைகளைக் காப்பாற்ற வழி கேட்டுக் குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக் வந்தபோது, அந்த அறுவை முறையை விலங்குகளில் செய்து செய்து உருவாக்கியவர் தாமஸ்தான். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை நடந்தது. பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு படி ஸ்டூலில் ஏறி நின்று, தையல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார் தாமஸ். கத்தி பிடித்தவர் அந்த அறுவையை மேசையில் அதுவரை முழுதாகச் செய்ததில்லை, ஸ்டூலில் நின்றவர் பலமுறை செய்திருந்தார். அந்தச் சிகிச்சைக்கு நெடுங்காலம் பிளேலாக், டாசிக் இருவரின் பெயர் மட்டுமே இருந்தது. 1976-இல்தான் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இப்போது மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது.

பின்னர் அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் டெக்னீஷியன். அந்தச் சொல்லை ‘தொழிலாளி’ என்று மொழிபெயர்ப்பீர்களா, ‘நிபுணர்’ என்று மொழிபெயர்ப்பீர்களா? முதலாவது அவர் அறிவை மறைக்கும். இரண்டாவது அவருக்கு நேர்ந்த அநியாயத்தை மறைக்கும். நிபுணர் என்று ஏற்றுக்கொண்டிருந்தால் அவர் பெயர் விட்டுப்போயிருக்காதே.

தமிழில் நம் கையில் இருக்கும் சொற்களுக்கு வருவோம். நிபுணர் என்றால் ஒரு பொருளில் ஆழ்ந்த அறிவு உள்ளவர், கருத்துக் கேட்டால் அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ளலாம் என்ற அதிகாரம் உள்ளவர். ஆங்கிலத்தின் எக்ஸ்பர்ட், ஸ்பெஷலிஸ்ட் இரண்டுக்கும் இது பொருந்தும். பொருளாதார நிபுணர், இதய நோய் நிபுணர் என்கிறோம். வல்லுநர் என்பது சற்று அகலமானது, அறிவும் செயலும் இரண்டும் வரும். தொழில்நுட்ப வல்லுநர் என்பது செய்தித்தாள்களில் டெக்னாலஜிஸ்ட், டெக்னாலஜி எக்ஸ்பர்ட், டெக்னீஷியன், டெக்னோகிராட் எல்லோருக்கும் போடப்படுகிறது. அப்படிப் போட்டால் ஆளை அடையாளம் காண முடியாது. டெக்னோகிராட் என்பவர் தொழில்நுட்பப் பின்னணியோடு ஆட்சிப் பொறுப்பிலோ கொள்கை முடிவிலோ இருப்பவர், அவர் ஸ்குரூ டிரைவரைத் தொட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

திருத்துவதற்காக என்னிடம் வந்த ஒரு மருத்துவ ஆவணத்தில் மூன்று பேர் இருந்தார்கள். படம் எடுத்தவர், கருவியைப் பராமரித்தவர், படத்தைப் படித்து அறிக்கை எழுதிய மருத்துவர். மொழிபெயர்த்தவர் மூவரையும் ‘எக்ஸ்ரே நிபுணர்’ என்று எழுதியிருந்தார். அறிக்கையில் கையெழுத்துப் போட்டது யார் என்றே தெரியவில்லை. அறிக்கை எழுதியவர் கதிரியக்க மருத்துவர், படம் எடுத்தவர் எக்ஸ்ரே நுட்புநர், மற்றவர் கருவிப் பராமரிப்பு நுட்புநர் என்று பிரித்த பிறகுதான் ஆவணம் பேசியது. பல் டெக்னீஷியனிடமும் இதே எச்சரிக்கை வேண்டும். அவர் செயற்கைப் பல்லும் பல்லுறையும் செய்பவர். நோயாளியின் வாய்க்குள் கை வைப்பது பல் மருத்துவர். ‘பல் நிபுணர்’ என்று எழுதினால் இருவரும் குழம்பிவிடுவார்கள்.

நுட்புநர் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்நாட்டு அரசின் மருத்துவத் துறை அறிவிப்புகளில் ‘ஆய்வக நுட்புநர்’ என்றே வருகிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டருக்குப் பொருத்துநர், டர்னருக்குக் கடைசலர், மெக்கானிக்குக் கம்மியர் என்று சொற்கள் இருக்கின்றன. இலங்கைத் தமிழில் தொழில்நுட்பவியலாளர் என்ற நீண்ட வடிவம் வழங்குகிறது. அது டெக்னாலஜிஸ்டுக்குப் பொருந்தும் அளவு டெக்னீஷியனுக்குப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ‘இயல்’ என்று சேர்த்தாலே ஒரு துறையின் கோட்பாட்டு அறிவு வந்துவிடுகிறது.

நுட்புநர் என்ற சொல்லுக்கு ஓர் இலக்கண ஆட்சேபம் உண்டு. ஓட்டுநர், இயக்குநர், நடத்துநர் எல்லாம் வினையடியிலிருந்து வந்தவை. ஓட்டு, இயக்கு, நடத்து என்று வினைகள் இருக்கின்றன. ‘நுட்பு’ என்று ஒரு வினை இல்லையே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது, பணி அறிவிப்பிலும் பெயர்ப்பலகையிலும் நிலைத்துவிட்டது. அதைவிட முக்கியமாக, அது சரியான வேரில் நிற்கிறது. நுண், நுணுக்கம், நுட்பம், நுண்ணறிவு எல்லாம் ஒரே குடும்பம். கண்ணுக்கு எளிதில் படாததைப் பார்ப்பது, கைக்கு எளிதில் அடங்காததைச் செய்வது இரண்டும் அந்த வேரில் இருக்கின்றன. 1833-இன் ‘நெளிவுசுளிவு அறிந்தவர்’ என்ற பொருளுக்கும் இன்றைய ஆய்வகப் பொருளுக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுக்கும் தமிழ் வேர் அது.

இந்த வேரைத் தேடிப் போனபோது நெடுநல்வாடையில் ஓர் இடம் கண்ணில் பட்டது. அரண்மனை கட்ட மனை வகுக்கிறார்கள். கிழக்கு மேற்கு பிசகாமல் இருக்க வேண்டும். இரண்டு கோல்களை நட்டு, சூரியன் எந்தப் பக்கமும் சாயாத நண்பகல் வேளையில் நிழலைக் கொண்டு திசையைக் குறிக்கிறார்கள். பிறகு ‘நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு’ மனையை அளக்கிறார்கள். கட்டடக் கலைஞரைப் ‘புலவர்’ என்கிறது பாட்டு. அவர் நூலை அறிந்தவர், கயிற்றையும் தானே பிடிப்பவர், பிடிப்பதும் ‘நுண்ணிதின்’ பிடிக்கிறார். அறிவையும் கையையும் இரண்டு ஆட்களாகப் பிரிக்காத பார்வை அது. அரிஸ்டாட்டிலின் வரியைப் படித்துவிட்டு இதைப் படித்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது!

பழைய ‘கம்மியர்’, ‘வினைஞர்’ இரண்டும்கூட மதிப்பான சொற்கள்தான். மணிமேகலையில் மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு சேர்ந்து கட்டியதாக ஒரு மண்டபம் வருகிறது. கைத்தேர்ச்சியுள்ளவர்களை நாட்டின் பெயரோடு சொல்லிப் பெருமைப்படுத்தும் வரிகள் அவை. வினைஞர் என்ற சொல்லை இன்று பரவலாக மீட்டெடுக்க முடியுமானால் நான் மகிழ்வேன். ஆனால் சான்றிதழில் சோதனை செய்து பார்க்கும் இடம் அல்ல அது.

பக்கத்தில் நிற்கும் சில ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஆபரேட்டர் இயந்திரத்தை ஓட்டுபவர், இயக்குபவர். மெக்கானிக் அதைப் பழுது பார்ப்பவர். டெக்னீஷியன் அளந்து, சோதித்து, சரிபார்த்து, தேவையானால் பழுதும் பார்ப்பவர். மோட்டார் வாகனத் துறையில் முன்பு மெக்கானிக் என்று அழைக்கப்பட்டவர்களை இப்போது டெக்னீஷியன் என்று எழுதுவது அதிகமாகியிருக்கிறது. வண்டிக்குள் கணினி நுழைந்த பிறகு ஸ்கேனரை மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படிக்காமல் ஸ்பேனரைத் தொட முடிவதில்லை என்பதால் அந்த மாற்றத்தில் பொருள் இருக்கிறது. ஆர்டிசான், கிராஃப்ட்ஸ்மேன் இரண்டும் கைவினைஞர். அவருடைய பொருளில் அவருடைய கைச்சாயல் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்போம். டெக்னீஷியனின் வேலையிலோ யார் செய்தாலும் ஒரே விடை வர வேண்டும். நான் போட்ட ஸ்மியரும் நீங்கள் போட்ட ஸ்மியரும் ஒரே எண்ணிக்கையைத் தர வேண்டும்.

அமெரிக்க ராணுவம் 1942 முதல் 1948 வரை டெக்னீஷியன் என்பதைப் பதவித் தரமாகவே வைத்திருந்தது. சார்ஜென்ட் போன்ற பதவிகளுக்கு உரிய சம்பளத்தை, ரேடியோ இயக்குவது போன்ற தனித்திறன் உள்ளவர்களுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. 1955-இல் அதே தேவைக்கு ஸ்பெஷலிஸ்ட் என்ற பதவி வந்தது. ஸ்பெஷலிஸ்ட் என்று கண்டவுடன் ‘சிறப்பு மருத்துவர்’ என்று எழுதக் கை போகும். ராணுவச் செய்தியில் அந்தச் சொல் வந்தால் அது ஒரு படைநிலை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மூன்று வாக்கியங்கள். சான்றிதழில் ‘ஆய்வக நுட்புநராக எட்டு ஆண்டுகள் பணியாற்றினார்’ என்று எழுதுங்கள். மூல ஆவணத்தில் டெக்னீஷியன் என்று இருந்தால் டெக்னாலஜிஸ்டாக உயர்த்தவோ, உதவியாளராகத் தாழ்த்தவோ நமக்கு உரிமையில்லை. பல நாடுகளில் இந்த மூன்றுக்கும் தனித்தனிப் படிப்பும் பதிவும் உண்டு. ஒரு சொல் மாறினால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். வெளிநாட்டு அலுவலகத்துக்குப் போகும் ஆவணமானால் ‘ஆய்வக நுட்புநர்’ என்பதை அடுத்து ‘லேப் டெக்னீஷியன்’ என்றும் ஆங்கில எழுத்தில் ஒருமுறை குறிப்பிட்டுவிடுவது நல்லது.

திரைப்பட வரிக்கு நம் வழக்கே அழகான விடை வைத்திருக்கிறது: தொழில்நுட்பக் கலைஞர்கள். ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலிப்பதிவாளர் எல்லோரையும் அது தழுவிக்கொள்கிறது. ஆங்கிலம் டெக்னீஷியன் என்று விட்ட இடத்தில் தமிழ் ‘கலைஞர்’ என்று சேர்த்திருக்கிறது. எந்த நிழல் முகத்தில் எவ்வளவு விழ வேண்டும் என்று முடிவு செய்பவரைக் கலைஞர் என்னாமல் என்னவென்று சொல்வது? இந்தச் சேர்க்கையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நாடக மேடை பற்றிய மொழிபெயர்ப்பில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே ஒளியமைப்பை வடிவமைப்பவர் வேறு, காட்சி நேரத்தில் பலகையில் அமர்ந்து இயக்குபவர் வேறு. டெக்னீஷியன் என்பது இரண்டாமவர்.

வயலின் வரிதான் கடினம். இசை, விளையாட்டு, எழுத்து விமர்சனங்களில் டெக்னீஷியன் என்றால் தன் கலையின் உத்திகளை முற்றும் வசப்படுத்தியவர். பிழையில்லாத தற்காப்பு ஆட்டம் ஆடும் கிரிக்கெட் வீரருக்கும், காலடி பிசகாத குத்துச்சண்டை வீரருக்கும் இதைச் சொல்வார்கள். இங்கே நுட்புநர் என்று எழுதினால் வயலின் கலைஞர் வயலின் பழுது பார்ப்பவராகிவிடுவார். நிபுணரும் ஒட்டாது. முழுப் பாராட்டாக இருந்தால் ‘வயலினின் அத்தனை நுணுக்கங்களும் கைவந்தவர்’ என்று எழுதலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய வாக்கியத்தில் அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். விமர்சகர் அங்கே நிறுத்திவிட்டு இசையின் உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேறு கலைஞருக்குப் போய்விட்டால், அந்த மௌனமும் மொழிபெயர்ப்பில் வர வேண்டும். அப்போது இப்படி எழுதுங்கள்: ‘விரல் நுட்பத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.’ விரலில் நின்றுவிட்டது என்பதை வாசகர் தாமே கேட்டுக்கொள்வார்.